பிறகு எழுதப்படும்

எங்கள் வீட்டில் எதையும் முழுதாக வாசிக்கிற ஆள் ஒருவர்தான். அது என் மதினி. என் அண்ணனை, எங்கள் பேச்சில் காக்காவை, கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளையும் விடமாட்டார், பிஸ்கட் உறையின் பின்பக்கத்தையும் விடமாட்டார். மின்சார பில்லின் அடியில் பொடி எழுத்தில் கிடப்பதை வாசித்துவிட்டு, "இதில ஒரு வசனம் முடியல்ல" என்று குறை சொல்லுவார். அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான் நான் அரைகுறையாக ஒரு வழிகாட்டி எழுதிக் கொடுத்தேன். வந்த கூத்தெல்லாம் அதனால்தான் வந்தது என்று இன்றைக்கும் எங்கள் ஊர் கரைத்தீவில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். வீட்டாரைக் கேட்டால், "அவ கொம்பியூட்டர்ல இருக்கிறா" என்பார்கள், நான் ஏதோ அதற்குள்ளேயே குடியிருப்பது மாதிரி. காக்கா கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டல் குசினியில் பல வருசம் சோறாக்கிவிட்டு வந்தவர். லீவில் வந்துபோகிற காலத்தில் மதினி அவருக்கு விருந்தாளிக்கு வைக்கிற கண்ணாடிக் கோப்பையில்தான் தேத்தண்ணி வைப்பார். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாக அந்தக் கோப்பைக்குப் போகும். கடைசியாக வந்தபோது, இனிப் போவதில்லை, கலியாண வீடுகளுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கப் போகிறேன் என்று காக்கா நின்றுவிட்டார்.

கை ருசியில் குறை சொல்ல ஏலாது. குறை எல்லாம் சாமான் எடுப்பதில். கடைக்காரருக்குப் போன் போட்டு, "அரிசி அனுப்புங்க" என்பார். "எவ்வளவு காக்கா?" என்று அவர் கேட்டால், "கலியாணத்துக்குப் போதுறாப் போல" என்பார். ஹோட்டலில் சாமான் எடுக்க வேறு ஆள் இருந்திருக்கிறான், இவர் அகப்பையை மட்டும் பிடித்திருக்கிறார். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் கடைசி வரிசைக்கு இறைச்சி போகவில்லை. அடுத்ததில் மிஞ்சியதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம், மூன்றாம் நாள் அயலார் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகுதான் காக்கா புத்தளம் டவுனில் இருக்கிற ஏஜென்சிக்காரரிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்.

"இன்னும் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருக்கிறன். அது ஒழுங்கா முடிஞ்சா நிப்பன். இல்லாட்டி மறுநாளே கொழும்புக்கு மெடிக்கல், பிறகு பிளேன்."

மதினி குசினிக்குள் போய்க் கழுவின சட்டியையே திரும்பக் கழுவினார். பிறகு என் அறை வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, உங்கட பெட்டியால இதுக்கு ஒண்டும் செய்யேலாதா?" என்று கேட்டார். பெட்டி என்றது என் மடிக்கணினியை.

செய்யலாம் என்றேன். எனக்கும் காக்கா போவது பிடிக்கவில்லை, அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை என்பது வேறு விசயம்.

எங்கள் பக்கம் கலியாண வீட்டில் யாரும் ஆளை எண்ணுவதில்லை. பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் மற்றதுகளும் வைத்து நடுவில் வைப்பார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். கலியாணம் என்றதும் "எத்தனை சஹன்?" என்றுதான் பேச்சுத் தொடங்கும். ஆகவே நான் செய்த கருவிக்கும் சஹன் என்றே பெயர் வைத்தேன். படமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் "சஹன்" என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு எண்ணை அடித்து, பின்னால் "அனுப்பு" என்று அடித்தால் போதும். அரிசி எவ்வளவு, கோழி எவ்வளவு, வெங்காயம், முட்டை, எண்ணெய் எவ்வளவு என்று அதுவே கணக்குப் போட்டு ஒவ்வொரு கடைக்காரரின் போனுக்கும் ஓடரை அனுப்பிவிடும். பொத்தான் வைத்துச் செய்ய எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. சம்பள வேலையில் ஒரு பொத்தானின் நிறத்துக்காகக் கிழமைக் கணக்கில் சண்டை பிடிக்கிறவர்களோடு இருக்கிறேன், வீட்டிலுமா?

மதினி முதல்தரம் பழகிப் பார்த்தபோது, அடித்து முடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் சொல்லுதில்லையே?"

"வேலை சரியா முடிஞ்சா அது ஒண்டும் சொல்லாது மதினி. பிழைச்சாத்தான் பேசும்."

"இதென்ன பழக்கம்? ஒரு ஆள் சொன்ன வேலையைச் செஞ்சா, செஞ்சன் எண்டு வந்து சொல்றதில்லையா?"

என் தொழிலில் அதுதான் மரியாதை என்று விளங்கப்படுத்திப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் ஓடர் போய்ச் சேர்ந்ததும் அதன் இலக்கத்தோடு "அல்ஹம்துலில்லாஹ்" என்று திரையில் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். மதினிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

இனி வழிகாட்டி. கருவி செய்வது எனக்குச் சீனி சாப்பிடுகிற மாதிரி. அதை எப்படிப் பாவிப்பது என்று எழுதச் சொன்னால் மட்டும் தலையிடி வந்துவிடும். செய்து முடித்தவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்ததை எதற்கு எழுதுவது? ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்பில் சோறு வேகிறதைப் பார்த்தபடி எழுதி முடித்தேன். கறுப்புத் திரையை எப்படித் திறப்பது என்று எழுதினேன். "எண்ணை அடிக்கவும்" என்று எழுதினேன். கருவியின் பெயரே சஹன், பிறகு எந்த எண் என்று வேறு எழுத வேண்டுமா? "அனுப்பு" என்பதற்குப் பதிலாகப் "பார்" என்று அடித்தால் ஓடர் எங்கும் போகாமல் கணக்கு மட்டும் திரையில் வரும். அதை எழுத நினைவே வரவில்லை, எனக்கு அது கைப்பழக்கம். கடைசியில் "அனுப்பியதை நிறுத்துவது எப்படி?" என்று தலைப்புப் போட்டேன். அந்நேரம் சோறு பொங்கி வழிந்தது. தலைப்புக்குக் கீழே "பிறகு எழுதப்படும்" என்று அடித்துவிட்டு எழும்பிப் போனேன்.

என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த வசனம் நன்றாகத் தெரியும். எழுதினவர்கள் கலியாணம் முடித்து, வேலை மாறி, வெளிநாடு போய்ப் பிள்ளைகுட்டி பெற்ற பிறகும் அது அப்படியே கிடக்கும்.

மதினி தாளில் அச்சடித்து எடுத்து, கதிரையில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"பிறகு எண்டா எப்ப?"

"தேவை வந்தா எழுதலாம் மதினி."

"தேவை வந்த பிறகு எழுதினா அது எனக்கு என்னத்துக்கு?"

 அன்றைக்கு, "சோறு ஆறுது, வாங்க" என்று சமாளித்தேன்.

அந்தக் கலியாணம் ஆலங்குடாவில். பெண்ணின் மாமா கொழும்பிலிருந்து வந்து காரியம் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கொழும்பு ஹோட்டல் கலியாணங்களில் வரிசையில் நின்று ஆளுக்கொரு தட்டில் எடுத்துச் சாப்பிட்டுப் பழகிய மனிசன். மதினிக்குப் போன் போட்டு, "முன்னூறு. ஒண்டு கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்றுவிட்டு வைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் யாராவது என்றால் ஐம்பது சஹன் என்றிருப்பார், பிரச்சினையே இல்லை. இவர் தலையை எண்ணியிருக்கிறார்.

மதினிக்குச் சந்தேகம் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வழிகாட்டியைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலில் வந்து நின்றார். நான் கம்பனிக் கூட்டத்தில் இருந்தேன். திரையில் மனேஜர் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் பேசின விசயம் என்ன தெரியுமா? வழிகாட்டிகளை ஒழுங்காக எழுத வேண்டும் என்பது. நான் மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, எண் எண்டா எது?"

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அவங்க சொன்ன எண்ணைப் போடுங்க மதினி, எல்லாம் அதில எழுதித்தானே இருக்கு" என்றேன்.

மதினி திரும்பிப் போனார். "சஹன் 300 அனுப்பு" என்று அடித்தார். ஆயிரத்து எண்ணூறு பேருக்கான சாப்பாட்டுச் சாமானுக்கு ஓடர் புத்தளத்துக்கும் சிலாபத்துக்குமாகப் பறந்தது. திரையில் அல்ஹம்துலில்லாஹ் என்று வந்தது. மதினியும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போடப் போனார்.

கடைக்காரர் ஒருவராவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு விசாரித்தபோது அரிசிக்கடைக்காரர் சொன்னார், "உங்கட காக்காட ஓடர் எப்பவும் அப்பிடித்தானே. அதோட இந்த முறை கொம்பியூட்டர்ல வந்திச்சு, அது பிழைக்காது எண்டு நினைச்சம்."

கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் காக்கா அடுப்பு மூட்ட இடம் பார்க்க ஆலங்குடாவுக்குப் போய்விட்டார். சோழகக்காற்று கூரையைப் பிடுங்குகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தது. முதலில் அரிசி வந்தது. மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினார்கள், அடுக்கினார்கள், அடுக்கி முடிகிற பாடாக இல்லை. மதினி, "பெரிய இடத்துக் கலியாணம்போல" என்றார். வெங்காயம் வந்தது. ஒரு திரீவீலில் இறக்கிவிட்டுப் போனவன் திரும்ப வந்தான், திரும்பத் திரும்ப வந்தான், கடைசியில் சலாம் சொல்வதையே விட்டுவிட்டான். முட்டை வந்து ஜன்னல் மட்டத்துக்கு உயர்ந்தபோது நான் மதினியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மதினி, என்ன எண் போட்டீங்க?"

"அவர் சொன்ன எண்ணைத்தான். முன்னூறு."

"முன்னூறு சஹனா?"

மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். அந்நேரம் பார்த்துச் சிலாபம் பக்கத்திலிருந்து லொறி ஒன்று வந்து நின்றது. கூடு கூடாக உயிர்க்கோழி. சிங்கள டிரைவர் எட்டிப் பார்த்து, "நங்கி, மேவா கொஹெடத?" என்றார், எங்கே இறக்குவது என்று.

"யா அல்லாஹ்" என்று மதினி உள்ளே ஓடினார். அழத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, வழிகாட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கோழிச் சத்தத்துக்கு மேலால் சத்தமாக வாசித்தார்.

"அனுப்பியதை நிறுத்துவது எப்படி? பிறகு எழுதப்படும்!"

வாசித்துவிட்டுத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "எழுதுங்க. இப்ப பிறகுதான்."

"விடுங்க மதினி, எழுதாட்டி என்ன, எனக்குத் தெரியும்" என்று மடிக்கணினியிடம் ஓடினேன். நிறுத்துகிற வசதியை நான் செய்துதான் வைத்திருந்தேன், எழுதாமல் விட்டது மட்டும்தான். இன்னும் வராத சாமானையாவது மறித்துவிடலாம். "சஹன் நிறுத்து" என்று அடித்தேன். கருவி ஏற்றுக்கொள்ளவில்லை. எண்ணைப் பின்னால் போட்டேன், முன்னால் போட்டேன், கடைக்காரரின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். நானே செய்த கருவி, நானே எழுதி வைத்த வசனத்தில் எனக்குப் பதில் சொன்னது: "பாவித்த முறை பிழை. வழிகாட்டியைப் பார்க்கவும்."

பின்னால் நின்ற மதினி அதையும் வாசித்தார். "எந்த வழிகாட்டி? இதா?" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினிக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்க தங்கச்சி. அவர் போயிடுவார்" என்று சொல்லித்தான் அழத் தொடங்கினார். "ஒழுங்கா முடிஞ்சா நிப்பன் எண்டுதானே சொன்னார். என்ட கையாலயே அனுப்பிவெச்சன்." எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

லொறிக்காரருக்கு அவசரம். நாங்கள் பதில் சொல்வதற்குள் கூடுகளை வளவுக்குள் இறக்கத் தொடங்கினார். ஒரு கூட்டின் கதவு கழன்றது. அதிலிருந்த கோழிகள் வெங்காய மூட்டையில் ஏறின, கிணற்றுக்கட்டில் ஏறின, என் அறைக்குள்ளும் வந்தன. மனேஜர் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் அதுதான். அழைப்பை எடுக்காமல் விட்டிருக்கலாம், பழக்கத்தில் கை எடுத்துவிட்டது. "பின்னால என்ன சத்தம்?" என்று கேட்டார். "ஒரு சின்ன வழிகாட்டிப் பிரச்சினை" என்றேன். மேசையில் ஏறிய கோழி ஒன்று அவரை உற்றுப் பார்த்தது. அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

காக்கா வந்து சேர்ந்தார். படலையைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். காற்றில் கோழி இறகும் வெங்காயத் தோலும் பறந்துகொண்டிருந்தன. மதினி நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல், வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே. இப்போது ஏசப்போகிறார் என்று நான் மதினிக்குப் பின்னால் ஒதுங்கினேன். காக்காவின் ஏச்சு களப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

காக்கா ஏசவில்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. அரிசிக்கடைக்காரரும் எங்களை மாதிரியே மன்னாரிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்த குடும்பம்தான். அவரிடம் காக்கா பல்லைக் காட்டினார், மிச்ச மூட்டையை அவர் திருப்பி எடுத்துக்கொண்டார். வெங்காயக்காரரோடு சண்டை பிடித்தார், அவரும் எடுத்துக்கொண்டார். முட்டையில் பாதி பேக்கரிகளுக்குப் போயிற்று. கோழிதான் பிரச்சினை. பண்ணைக்கு லொறியைத் திருப்ப டிரைவர் சம்மதிக்கவில்லை.

"தலவிலச் சேர்ச்சில திருநாள்தானே" என்று காக்கா திடீரென்று எழும்பினார். "சனம் கடற்கரை முழுக்கக் கூடாரம் அடிச்சிருக்கு. சாப்பாட்டுக் கடை எத்தனை போட்டிருப்பாங்க. அவ்வளவு பேருக்கும் கோழி எங்கால வரும்?"

கூடுகள் திரும்ப லொறியில் ஏறின. ஓடின கோழிகளை நானும் மதினியும் அயல் வீட்டாரும் துரத்திப் பிடித்தோம், முன்பு எங்களுக்குக் கதவைச் சாத்தினவர்கள்கூட வந்து பிடித்தார்கள். காக்கா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கட்டார்க் குசினியில் சிங்களப் பொடியன்களோடு வேலை செய்த பாஷை, டிரைவரும் அவரும் படலையைத் தாண்டும் முன்பே கூட்டாளி ஆகிவிட்டார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு லொறி வெறும் கூட்டோடு திரும்பி வந்தது. காக்காவின் தலையெல்லாம் இறகு. தொண்டை கட்டியிருந்தது. "அந்தக் கடைக்காரங்க வாற வருசத்துக்கும் இப்பவே சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கலியாணத்துக்கென்று நிறுத்தி வைத்த கோழிகளை அறுக்க ஆள் கூட்டிவரப் போனார்.

கலியாணம் மறுநாள் பகல். ஐம்பது சஹன், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி வரிசைக்கும் கோழி போயிற்று. கொழும்பு மாமா நிலத்தில் சப்பணம் போட்டுச் சஹனில் உட்கார்ந்து, பக்கத்து ஆளின் பங்குக்கும் கை நீட்டியதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தும் காக்கா முடிவைச் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. ஒழுங்காக முடிந்ததா, இல்லையா? சாப்பாடு ஒழுங்கு. ஓடர் பிழை. எதை வைத்து முடிவெடுப்பார்? ஏஜென்சி வான் விடியக் காலையில் வரும், மெடிக்கலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். வாசலில் காக்காவின் பை கட்டியபடியே இருந்தது.

மதினி பையைப் பார்க்காமல் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். "வாங்க, அதை ஒழுங்கா எழுதுவம்" என்றார்.

"இப்பவா மதினி?"

"இப்பதான். அவர் போனா இந்த வேலையை நான் வேற ஆக்கிற ஆளை வெச்செண்டாலும் நடத்துவன். உங்கட அரைகுறை எழுத்தை வெச்சு நடத்தேலா."

நான் எழுதினேன், மதினி மறித்து மறித்துக் கேட்டார். இது யாருக்கு எழுதுறீங்க, உங்களுக்கா, எனக்கா? உங்களுக்கெண்டா எழுதத் தேவையில்லையே. எண் எண்டா ஆளா, சஹனா? சஹன் எண்டா எத்தனை பேர், கொழும்பாளுக்கு அது தெரியுமா? முதல்ல பாக்கிறதுக்கு வழி இருந்தும் ஏன் அதை முதல்ல எழுதல்ல? நிறுத்துகிற பகுதிக்கு வந்தபோது நான் செய்த கருவியின் உள்ளே போய், நானே எழுதியதை நானே வாசித்து, அதை எப்படிப் பாவிப்பது என்று படித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஓடரோடு திரையில் வருகிற இலக்கத்தைக் கொடுத்தால் நிற்கும். இவ்வளவுதான், ஒரு வரி. மதினி அந்த ஒரு வரியையும் தன் கையால் அடித்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று கண்ட பிறகுதான் அடுத்ததுக்கு விட்டார். எங்கள் கம்பனியில் இப்படி ஒரு ஆள் இருந்தால் பாதிப் பேர் வேலையை விட்டு ஓடியிருப்பார்கள், மீதிப் பேர் உருப்பட்டிருப்பார்கள்.

எழுதிக்கொண்டிருந்தபோது ஒருதரம் நிறுத்தி, "அவர் அங்க நல்லாத்தான் இருந்தார் தங்கச்சி. எனக்குத்தான் ஏலாம இருந்திச்சு" என்றார். நான் அடுத்த வரியை அடித்தேன்.

காலையில் வான் வந்து ஹோர்ன் அடித்தது. காக்கா குளித்து, அயர்ன் பண்ணி மினுக்கின சேர்ட் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தார். சேர்ட்டைக் கண்டதும் மதினி பையைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தார்.

காக்கா பையைத் தாண்டிப் போனார். வீட்டுக்குப் பின்னால் போய், அன்று யார் கையிலும் அகப்படாமல் கிணற்றடியில் மிஞ்சியிருந்த இரண்டு கோழிகளைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். நேரே வானுக்குப் போய்க் கதவைத் திறந்து, வெறுமையாயிருந்த இருக்கையில் வைத்தார்.

"இதென்ன காக்கா?" என்று வான்காரன் திடுக்கிட்டான்.

"ஏஜென்சிக்காரருக்குக் குடுங்க. என்ட பாஸ்போட்டைத் திருப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்க. நான் வரல்ல."

"ஏன் காக்கா? உங்கட ஓடர் பிழைச்சிட்டெண்டு டவுன் முழுக்கக் கதையாக் கிடக்கு?"

"ஓம், பிழைச்சதுதான்" என்றார் காக்கா. கட்டின தொண்டை, ஆனாலும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "அங்க பிழைச்சா என்னை ஒரு பக்கம் நிக்கச் சொல்லிட்டு வேற ஒருத்தன் பாத்துக்குவான். இத்தனை வருசமும் அப்பிடித்தான் நிண்டன். முந்தநாள் என்ட வளவுக்குள்ள பிழைச்சது. பாக்கிறதுக்கு நான்தான் வேணுமா இருந்திச்சு. நான் வேணும் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது."

வான்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கோழிக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். காக்காவுக்கென்று ஒதுக்கிய இருக்கையில் இரண்டு கோழிகளும் போயின.

மதினி பையின் மேலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். காக்கா பக்கத்தில் வந்து குந்தினார்.

"அப்ப என்னத்துக்கு இந்தச் சேர்ட்? என்ட உசிரே போயிட்டு" என்று மதினி முந்தானைக்குள்ளிருந்தே ஏசினார்.

"பத்து மணிக்கு ஒரு கலியாண வீட்டுக்காரர் வாறார், ஓடர் பேச" என்றார் காக்கா. "முகத்தைக் கழுவிட்டு நீங்களும் வந்து இருங்க. எத்தனை எண்டு நீங்கதான் கேக்கணும்."